முறுக்கு சக்கரத்தில் பிறக்கட்டும்

கேள்வி: லெகோ டெக்னிக்கில் கரடுமுரடான பாதையில் ஓடும் நாலு சக்கர இழுவை லாரி செய்திருக்கிறேன். இரண்டு எல் மோட்டார்கள் இருந்தும் மேடு ஏற மறுக்கிறது. நான்கு எக்ஸ்எல் மோட்டார் போட்டால் ஏறுமா?

பதில்: ஏறாது. எடைதான் ஏறும். ‘மறுக்கிறது’ என்றால் என்ன? சக்கரம் சுற்றிக்கொண்டே நழுவுகிறதா, சுற்ற முடியாமல் திணறுகிறதா? அதைச் சொல்லாமல் மோட்டார் கேட்பது, எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் ஊசி போடச் சொல்வதற்குச் சமம். லாரி ஒன்றரைக் கிலோ என்று வையுங்கள். தரையை அழுத்தும் விசை சுமார் 15 நியூட்டன். டயருக்கும் உலர்ந்த பாறைக்கும் இடையிலான உராய்வுக் குணகத்தைத் தாராளமாக 0.8 என்று எடுத்தாலும், நான்கு டயர்களும் சேர்ந்து தள்ளக்கூடிய உச்சம் 12 நியூட்டன்தான். டயரின் ஆரம் 5 சென்டிமீட்டர் என்றால் சக்கரங்களுக்கு வேண்டிய மொத்த முறுக்குவிசை 60 நியூட்டன்-சென்டிமீட்டர். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் டயரைத் தேய்க்கத்தான் உதவும். 9 வோல்ட்டில் ஓர் எல் மோட்டார் நின்றுபோகும் நிலையில் ஏறத்தாழ 18 தரும். இரண்டும் சேர்ந்து 36. கியரில் வேகத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் அதுவே 108. தேவை 60, கையில் 108. இதற்கு மேல் என்ன வேண்டும்?

எடை கூடினால் பிடிப்பும் கூடுமே என்று கேட்பீர்கள். கூடும். ஆனால் மேட்டில் லாரியைப் பின்னுக்கு இழுக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடும். 0.8 குணகத்தில் ஒன்றரைக் கிலோ லாரியானாலும் மூன்று கிலோ லாரியானாலும் ஏறக்கூடிய சரிவு 39 பாகையைத் தொடாது. ஓர் எக்ஸ்எல் மோட்டார் 70 கிராம் அளவுக்கு இருக்கும். நான்கு போட்டால் கால் கிலோவுக்கு மேல் வெறும் சுமை. நழுவினால் டயரைப் பாருங்கள். திணறினால் கியரைப் பாருங்கள். மோட்டார் கடைக்கு அப்புறம் போகலாம்.

கேள்வி: ஓடும்போது பாகங்கள் கழன்று விழுகின்றன. பசை போட்டு ஒட்டலாமா?

பதில்: ஒட்டினால் அது லாரி இல்லை, சிலை. குறுக்கே பீம் போட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அது மட்டும் சுற்றுகிறது, தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கிறது. என்ன கோளாறு?

பதில்: கோளாறே இல்லை, டிஃபரன்ஷியலின் சுபாவமே அதுதான். பூட்டுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். 2021இல் வந்த மெர்சிடிஸ் ஜெட்ராஸ் டிரயல் லாரித் தொகுப்பில் அதைப் பூட்டுவதற்கென்றே ஒரு மோட்டார் இருக்கிறது.

கேள்வி: மோட்டாருக்குப் பக்கத்திலேயே கியர் வைத்து வேகத்தை நன்றாகக் குறைத்திருக்கிறேன். பலம் கூடிவிட்டது. ஆனால் பாறையில் ஏறும்போது யுனிவர்சல் ஜாயின்ட் பிய்த்துக்கொள்கிறது, ஆக்சில் முறுகுகிறது. உறுதியான ஜாயின்ட் எங்கே கிடைக்கும்?

பதில்: எங்கேயும் கிடைக்காது, தேடவும் வேண்டாம். உங்கள் ஜாயின்ட் பலவீனமானது அல்ல. அதன் தலையில் நீங்கள் ஏற்றிய சுமைதான் அநியாயம். இந்த ஒரு தவறைச் செய்யாத லாரி அபூர்வம் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கியர் முறுக்குவிசையை உண்டாக்குவதில்லை. வேகத்தை வாங்கிக்கொண்டு முறுக்கைக் கொடுக்கும் பண்டமாற்று அது. அந்த மாற்று எந்த இடத்தில் நடக்கிறதோ, அங்கிருந்து சக்கரம் வரையுள்ள ஒவ்வொரு பாகமும் கூடிப்போன முறுக்கைச் சுமந்தாக வேண்டும். எல் மோட்டாரின் 18ஐ மோட்டாரின் வாசலிலேயே மூன்று மடங்காக்கினால் 54. நடுத்தண்டு, ஜாயின்ட், டிஃபரன்ஷியல் என்று வழியில் இருக்கும் எல்லாப் பிளாஸ்டிக்கும் அந்த 54ஐத் தாங்கவேண்டும். அதே மூன்று மடங்கைச் சக்கரத்தின் குடத்துக்குள் வைத்தால் வழியெல்லாம் 18தான். கடைசி அங்குலத்தில் மட்டும் 54. சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது இரண்டிலும் ஒன்றே. உடைவது ஒன்றில் மட்டும்.

இது பொம்மை உலகத்தின் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். 1948இல் ஜெர்மனியில் உற்பத்திக்கு வந்த உனிமோக் வண்டி சக்கரத்தோரம் கியர் வைத்த போர்ட்டல் ஆக்சிலோடுதான் வந்தது. கல்குவாரியில் ஓடும் கனரக டிப்பர்கள் பலவற்றில் ‘ஹப் ரிடக்‌ஷன்’ இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். லெகோ நிறுவனமும் இந்த வழியில்தான் போயிருக்கிறது. 2011இல் வந்த உனிமோக் தொகுப்பில் போர்ட்டல் ஆக்சில். 2012இல் வந்த 9398 எண் கொண்ட கிராலர் தொகுப்பில் சக்கரத்தோரம் 8 பல் கியர், 24 பல் கியரைச் சுற்றியது. 2019இல் வந்த 42099இல் சக்கரக் குடத்துக்குள்ளேயே கோள்கியர் அமைப்பு. அதன் விகிதம் 5.4க்கு 1. ஜாயின்ட்டைத் தடிமனாக்குவதைவிட அதன் சுமையைக் குறைப்பதே மேல் என்பதற்கு இந்த வரிசையே சாட்சி.

மறுப்புகள் வரும். தண்டு மூன்று மடங்கு வேகமாகச் சுற்றினால் உராய்வில் சக்தி வீணாகாதா என்பது முதல் மறுப்பு. கேட்கவேண்டிய கேள்விதான். உராய்வில் போகும் சக்தி, உராயும் விசையையும் சுற்றும் வேகத்தையும் பெருக்கி வருவது. கியர் பல்லும் தண்டும் தாங்கியை அழுத்தும் விசை முறுக்கோடு சேர்ந்து மூன்றில் ஒன்றாகிறது. வேகம் மூன்று மடங்காகிறது. கணக்கு ஏறத்தாழ நேராகிவிடுகிறது. தண்டின் சொந்த எடையால் வரும் உராய்வு மட்டும் கூடும். சில கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் தண்டுக்கு அது பொருட்டே இல்லை. சக்கரத்தோரம் எடை கூடுவதால் சஸ்பென்ஷன் மந்தமாகிவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. பந்தயக் காருக்கு அது உண்மை. பாறையில் நடைவேகத்திலும் குறைவாக ஊரும் லாரிக்கு, தாழ்வான இடத்தில் இருக்கும் எடை குடை சாயாமல் காக்கும் நண்பன். வளையும்போது ஸ்டியரிங் கனக்கிறது என்ற மூன்றாவது மறுப்பில் நியாயம் உண்டு. சக்கரம் திரும்பும் அச்சு டயரின் நடுவிலிருந்து விலகிப்போனால் அப்படி ஆகும். அதற்கு மருந்து அச்சை டயருக்குள் நெருக்குவது. கியரைத் திரும்பவும் மோட்டார் பக்கம் கொண்டுபோவது அல்ல.

கேள்வி: ரிமோட் வீட்டுக்குள் வேலை செய்கிறது. மொட்டை மாடியில் வெயிலில் செய்யவில்லை. பழுதா?

பதில்: இல்லை. 2007இல் வந்த பவர் ஃபங்ஷன்ஸ் வகை ரிமோட் அகச்சிவப்புக் கதிரில் பேசுகிறது. வெயிலிலும் அந்தக் கதிர் நிறைய இருக்கிறது; சந்தைக்கடை இரைச்சலில் காதோரம் ரகசியம் சொன்னால் கேட்குமா? ரிசீவருக்கு நிழல் கொடுங்கள், அல்லது புளூடூத் வகைக்கு மாறுங்கள்.

கேள்வி: லாரி நன்றாக ஏறுகிறது. ஆனால் வீடியோவில் பார்த்தால் பொம்மையாகவே தெரிகிறது, மெதுவாகவும் இருக்கிறது. கியரை மாற்றி வேகத்தைக் கூட்டலாமா?

பதில்: கியரில் கை வைக்காதீர்கள். பொம்மை என்று காட்டிக்கொடுப்பது, அது ஆடி அடங்கும் வேகம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட 0.45 விநாடி ஆகும். 10 சென்டிமீட்டரிலிருந்து விழுவது 0.14 விநாடியில் தொட்டுவிடும். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள உங்கள் லாரி, பாறையிலிருந்து இறங்கிக் குலுங்குவதை நிஜ லாரியைவிட மூன்று மடங்குக்குச் சற்றுக் கூடுதலான வேகத்தில் முடித்துவிடுகிறது. கண் அதை எடையில்லாமை என்று படிக்கிறது. சினிமாவில் மாதிரி உருக்களைப் படமெடுப்பவர்களின் பழைய விதி இதற்குத்தான்: அளவு எத்தனை மடங்கு சிறியதோ, அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு மெதுவாக்கு. பத்தின் வர்க்கமூலம் 3.16. விநாடிக்கு 25 சட்டகத்தில் காட்டுவதென்றால் 80 அளவில் எடுக்கவேண்டும். கைபேசியில் 120 இருந்தால் அதில் எடுத்து, வேகத்தை மூன்றில் ஒரு பங்காக்குங்கள்.

ஏற்கெனவே மெதுவாக ஓடுவதை இன்னும் மெதுவாக்கச் சொல்கிறேனே என்று திட்டாதீர்கள், கணக்கைப் பாருங்கள். எல் மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 390 சுற்று. மூன்றில் ஒன்றாக்கினால் 130. பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரில் அது மணிக்கு 2.4 கிலோமீட்டர். அளவைப் பத்தால் பெருக்கி 3.16ஆல் வகுத்தால், திரையில் தெரிவது ஏழரை கிலோமீட்டரில் பாறை ஏறும் நிஜ லாரி. பாறையில் எந்த ஓட்டுநரும் அதைவிட வேகமாக விரட்டமாட்டார். உடையாமல் இருக்கச் செய்த கியரே படத்துக்கும் சரியான வேகத்தைக் கொடுத்துவிட்டது. மற்றபடி கேமராவைத் தரையிலிருந்து 16 சென்டிமீட்டருக்கு மேல் தூக்காதீர்கள். பத்தில் ஒரு பங்கு மனிதனின் கண் உயரம் அது. டியூப் லைட்டும் மலிவு எல்இடியும் விநாடிக்கு 100 முறை சிமிட்டும், மெதுவாக்கினால் அந்தச் சிமிட்டல் தெரியும். வெயிலில் எடுங்கள்.

கேள்வி: ரீசார்ஜ் பேட்டரி போடலாமா?

பதில்: தாராளமாக. ஆறு செல்லுக்கு 9 வோல்ட் என்பது 7.2 ஆகும், உச்ச வேகம் குறையும். ஆனால் சுமையில் சட்டென்று சோர்ந்துவிடாது.

கேள்வி: ஓடைக்குள் இறக்கிப் படமெடுக்கலாமா?

பதில்: சக்கரம் நனையலாம். மோட்டாரும் பேட்டரிப் பெட்டியும் நனையக்கூடாது. ஈரமணல் கியருக்குள் போனால் உப்புத்தாள்தான். அன்றைக்கே கழற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். கோள்கியர் வைத்த சக்கரக் குடம் என்னிடம் இல்லை, வாங்கவும் முடியாது. பழைய பெட்டியில் சாதாரண கியர்கள் மட்டும் இருக்கின்றன. நல்ல லாரி செய்ய முடியாதா?

பதில்: முடியும் தம்பி. பெட்டியில் 8 பல் கியர் நான்கும், 24 பல் கியர் நான்கும் இருக்கிறதா என்று பார். இரண்டின் ஆரத்தையும் கூட்டினால் 16 மில்லிமீட்டர்; பீமில் துளைக்குத் துளை 8 மில்லிமீட்டர். ஆக, இரண்டு துளை தள்ளி வைத்தால் பல்லும் பல்லும் அப்படியே பொருந்தும். மேலே சிறியது, அதில் தண்டு. கீழே பெரியது, அதில் சக்கரம். விலகாமல் இருக்க இரண்டு பக்கமும் பீமால் மூடு. மூன்று மடங்கு முறுக்கு கிடைக்கும், லாரியின் வயிறும் 16 மில்லிமீட்டர் உயரும். 2012இல் அந்தக் கிராலர் செய்ததும் இந்த எட்டையும் இருபத்துநாலையும் வைத்துத்தான்.