எஞ்சின் இயங்க மறுத்தால்: மூன்று கேள்விகள்



மண்சரிவினாலோ வெள்ளத்தினாலோ சொந்த இடத்தை விட்டு வந்து, புதிய இடத்தில் மண்ணைக் கிளறித் தோட்டம் போடுகிறவர்களிடம் இரண்டு பொருட்கள் குறைவாகவே இருக்கும்: ஒன்று நேரம், மற்றது கைக்காசு. கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு எதுவானாலும் மண் பதமாக இருக்கும் நாட்கள் சிலவே. அந்த நாட்களில் கை உழவு இயந்திரம் இயங்க மறுத்தால் நடுகை பிந்தும், வாங்கிய விதை கெடும், கடன் ஏறும். பலர் சேர்ந்து வாங்கிய இயந்திரம் என்றால், "நேற்று உன்னிடம்தானே இருந்தது" என்று மனத்தாங்கலும் வரும்.

கூலி லொறி பிடித்து எஞ்சினைக் கராஜுக்குக் கொண்டுபோய், அங்கே பிளக்கைத் துடைத்துப் பூட்டியதும் அது இயங்கிவிட, காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர்கள் நம்மிடையே உண்டு. மெக்கானிக்கின் உதவி சில வேளைகளில் தேவைதான். ஆனால் எது நம் கையால் ஆகும், எது ஆகாது என்று பிரித்தறிய நாம் படிக்க வேண்டும். அதற்காகவே இந்தப் பாடம். இயந்திரத்தை நடுவில் வைத்து, குழுவாகக் கூடி இதை வாசியுங்கள்.

நமது நாட்டில் இரு சக்கர உழவு இயந்திரத்தை 'லேண்ட்மாஸ்டர்' என்று பலர் அழைக்கிறார்கள். 1950களில் அந்தப் பெயரில் வந்த இயந்திரத்தை வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளரான ரே விஜேவர்தன (1924–2010). அதாவது, இது நமக்கு அந்நியமான பொருள் அல்ல. நம் நாட்டவர் ஒருவரின் சிந்தனையில் உருவானதை நாமும் விளங்கிக்கொள்ள முடியும்.

எஞ்சின் கேட்பது என்ன?

கயிறு இழுத்து இயக்கும் சிறிய பெற்றோல் எஞ்சினே சிறு உழவு இயந்திரங்கள் பலவற்றிலும் நீர்ப்பம்பிகளிலும் இருக்கிறது. அடுப்பு எரிய விறகும் நெருப்பும் காற்றும் வேண்டும். எஞ்சினுக்கும் அதே மூன்றுதான். விறகு என்பது பெற்றோல். நெருப்பு என்பது பிளக்கில் எழும் பொறி. காற்றோ சும்மா வந்தால் போதாது, உள்ளே இறுக்கி அமுக்கப்பட வேண்டும். ஆகவே கேள்விகள் மூன்று: பெற்றோல் வருகிறதா? பொறி வருகிறதா? காற்றும் அமுக்கமும் இருக்கிறதா?

இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக, ஒழுங்காகக் கேட்க வேண்டும். இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் கைவைத்தால், எது பிழை என்று கடைசிவரை தெரியாது.

கேள்விகளுக்கு முன்

பத்து முறை இழுத்தும் இயங்காவிட்டால் நிறுத்துங்கள். மேலும் இழுத்தால் கயிறு அறும், உள்ளே பெற்றோல் தேங்கும். இயந்திரத்தைச் சமதரையில் வைத்து நான்கைப் பாருங்கள்: சுவிட்ச் 'ஒன்'னில் உள்ளதா, பெற்றோல் குழாய் திறந்திருக்கிறதா, குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் மூடியிருக்கிறதா, ஒயில் போதுமா?

மலைநாட்டில் ஒயிலைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஒயில் குறைந்தால் பொறியைத் தானே நிறுத்திவிடும் பாதுகாப்பு அமைப்பு பல எஞ்சின்களில் உண்டு. சரிவான பாத்தியில் இயந்திரம் சாய்ந்து நின்றால், உள்ளே ஒயில் இருந்தும் அந்த அமைப்பு 'இல்லை' என்று எண்ணிக்கொள்ளும். எஞ்சினில் பழுதே இராது, இயங்கவும் இயங்காது. சமதரைக்குக் கொண்டுவந்து, குறைவான ஒயிலை நிரப்பினாலே போதும்.

முதற் கேள்வி: பெற்றோல் வருகிறதா?

தாங்கியில் பெற்றோல் இருப்பது மட்டும் போதாது. அது நல்லதாகவும் இருக்க வேண்டும். 2022இல் எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்றபோது கலன்களில் சேர்த்துவைக்கும் பழக்கம் பரவியது. ஒரு மாதத்துக்கு மேல் வைத்த பெற்றோல் பழுதாகத் தொடங்கும். நாட்பட்டால் புளித்த வாடை வீசி, காபரேட்டரின் நுண்துளைகளைப் பிசின்போல் அடைத்துவிடும்.

ஒரு கண்ணாடிப் போத்தலில் சிறிது பெற்றோலை எடுத்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தனியாகத் தங்கும். பிறகு தாங்கியின் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மூடியிலுள்ள காற்றுத்துளை சேற்றால் அடைபட்டாலும் பெற்றோல் இறங்காது. அடுத்து, காபரேட்டரின் அடியிலுள்ள வடிகால் ஆணியைத் தளர்த்தி, கீழே ஒரு தகரத்தைப் பிடியுங்கள். பெற்றோல் தடையின்றி ஓடினால் அதுவரை வழி சரி. சொட்டினால் குழாயிலோ வடியிலோ அடைப்பு உண்டு.

பழைய பெற்றோலைக் கானிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். நமக்குக் கீழே இருப்பவர்கள் குடிக்கும் தண்ணீர் அது.

இரண்டாம் கேள்வி: பொறி வருகிறதா?

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முகம் பல செய்திகளைச் சொல்லும். காய்ந்திருந்தால் பெற்றோல் உள்ளே வரவில்லை. நனைந்திருந்தால் பெற்றோல் மிகுந்துவிட்டது, அல்லது பொறி இல்லை. கரி படிந்திருந்தால் காற்றுப் போதவில்லை.

கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். இந்தச் சிறிய எஞ்சின்கள் பலவற்றில் பிளக் முனைகளின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும்.

பொறியைச் சோதிக்குமுன் சிந்திய பெற்றோலைத் துடைத்து, கலன்களைத் தூரமாக்குங்கள். பிளக்கை வயரில் மாட்டி, அது கழற்றப்பட்ட துளைக்கு எட்டவாக, அதன் இரும்புப் பகுதி எஞ்சினின் உலோகத்தில் படும்படி வையுங்கள். உறையிட்ட குறட்டால் பிடிக்க வேண்டும், வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. சுவிட்சைப் போட்டு ஒருவர் கயிற்றை இழுக்க, மற்றவர் நிழலில் பார்க்கட்டும். நீலப் பொறி பளிச்சென்று தெரிந்தால் நல்லது. பொறி இல்லையென்றால் வேறொரு நல்ல பிளக்கை மாட்டிப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் சுவிட்ச் வயரிலோ கொயிலிலோ பழுது. அது மெக்கானிக்கின் வேலை.

பிளக் நனைந்திருந்தால், சுவிட்சை அணைத்து, பிளக் இல்லாமலே சில முறை மெதுவாக இழுங்கள். தேங்கிய பெற்றோல் வெளியேறும். காய்ந்த பிளக்கைப் பூட்டி, சோக்கைத் திறந்துவிட்டு இயக்கிப் பாருங்கள்.

மூன்றாம் கேள்வி: காற்றும் அமுக்கமும் இருக்கிறதா?

காற்று வடியைத் திறந்து பாருங்கள். பஞ்சு வடியைச் சவர்க்கார நீரில் கழுவி நன்றாகக் காயவைத்து, சில துளி ஒயில் விட்டுப் பிழிந்து பூட்டலாம். காகித வடியைக் கழுவக் கூடாது. மெதுவாகத் தட்டித் தூசு போக்குங்கள், அல்லது மாற்றுங்கள்.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,870 மீற்றரில் இருக்கிறது. இங்கே காற்றின் செறிவு கரையோரத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. தாழ்நிலத்துக்கென அமைந்த காபரேட்டர் இங்கே தேவைக்கு மிஞ்சிய பெற்றோலை ஊட்டும். சோக்கை மூடியபடியே இழுத்துக்கொண்டிருந்தால் பிளக் விரைவில் நனைந்துவிடும். ஆகவே ஓரிரு இழுப்புக்குப் பின் சோக்கைப் பாதி திறந்து பாருங்கள். 1,500 மீற்றருக்கு மேல் எப்போதும் வேலை செய்யும் எஞ்சினுக்குச் சிறிய ஜெட் போடும்படி கைந்நூல்கள் சொல்கின்றன. அதை விற்பனையாளரிடம் கேளுங்கள்.

அமுக்கத்தை அறிய, பிளக்கைப் பூட்டி, சுவிட்சை அணைத்து, கயிற்றை மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் கை தடைபட வேண்டும். தடையே இல்லாமல் கயிறு வழுக்கி வந்தால் வால்வோ பிஸ்டன் வளையமோ பழுது. இங்கே நிறுத்தி மெக்கானிக்கை அழையுங்கள்.

டீசல் லேண்ட்மாஸ்டர் என்றால்

இதில் பிளக் இல்லை. அமுக்கத்தின் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. தாங்கி ஒருமுறை வற்றிவிட்டால் குழாயில் காற்றுப் புகும். பிறகு டீசல் நிரப்பினாலும் இயங்காது. வடியிலுள்ள ஆணியைத் தளர்த்தி, நுரையில்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றி இறுக்குங்கள். கைப்பிடியைச் சுழற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வையுங்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் விரல் தப்பும்.

தண்ணீரில் மூழ்கிய எஞ்சின்

2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நிகழ்ந்த மண்சரிவையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டில் ஏற்படுத்திய அழிவையும் நாம் மறக்கவில்லை. இத்தகைய வேளைகளில் வெள்ளத்திலிருந்தும் சேற்றிலிருந்தும் மீட்ட எஞ்சினை, "ஓடுகிறதா பார்ப்போம்" என்று உடனே இழுக்காதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே தண்ணீர் இருக்க, பலமாகச் சுழற்றினால் பிஸ்டனின் தண்டு வளையும்.

வெளிச்சேற்றைக் கழுவிவிட்டு, பிளக்கைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, மெதுவாக இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது. ஒயில், பெற்றோல் இரண்டையும் முற்றாக வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். சேறு உள்ளே போயிருந்தாலும், டீசல் எஞ்சினாக இருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டாமல் இயக்க வேண்டாம்.

மெக்கானிக்கிடம் போகும்போது

"ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பெற்றோல் வருகிறது, பொறி இல்லை, பிளக்கை மாற்றியும் பார்த்தோம்" என்று சொல்லுங்கள். அவருடைய நேரமும் உங்கள் காசும் மிச்சமாகும். குழுவின் இயந்திரத்துக்கு ஒரு கொப்பி வையுங்கள். யார் எந்த நாளில் பாவித்தார், எப்போது ஒயில் மாற்றியது, என்ன பழுது கண்டது என்று எழுதுங்கள். கொப்பி இருக்கும் இடத்தில் சந்தேகம் குறையும்.

இயங்கிய பின்னும் ஓர் எச்சரிக்கை: மூடிய கொட்டிலிலோ லயக் காம்பராவிலோ எஞ்சினை ஓடவிடாதீர்கள். அதன் புகையில் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு உண்டு. அது உயிரைக் குடிக்கும்.

குழுவில் கலந்துரையாட

1. நமது இயந்திரம் கடைசியாக நின்றபோது, மூன்று கேள்விகளில் எது காரணமாக இருந்தது?
2. பிளக் கழற்றும் சாவி, கம்பித் தூரிகை, ஒரு புதிய பிளக் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி யாரிடம் வைக்கலாம்?
3. நம் குழுவில் பெண்களும் இளைஞரும் இந்தச் சோதனைகளைச் செய்து பழகியிருக்கிறார்களா? இல்லையெனில், அடுத்த கூட்டத்தில் அவர்களே பிளக்கைக் கழற்றிப் பூட்டிக் காட்டட்டும்.