மண்டைக்குள்ள ஓடுற படம்: சூப்பர்ஹீரோ படங்களும் நம்ம எதிர்பார்ப்பும்

"படம் எப்படிலே?"

"எதிர்பார்த்த அளவுக்கு இல்லலே."

இந்தப் பதிலை நீங்களும் சொல்லியிருப்பீங்க. வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்புல, ஹாஸ்டல் மெஸ்ல, வாட்ஸ்அப் குரூப்ல எத்தனை தடவை கேட்டாச்சு! ஆனா ஒரு நிமிஷம் இதை நிறுத்திப் பாருங்க. கேள்வி படத்தைப் பத்தி. பதிலோ படத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லல; எதிர்பார்ப்பைப் பத்தித்தான் சொல்லுது. அந்த "எதிர்பார்த்த அளவு" எவ்வளவு? அதை நம்ம மண்டைக்குள்ள யார் வச்சாங்க, எப்போ வச்சாங்க? காமிக்ஸ் சூப்பர்ஹீரோ படங்களை எடுத்துக்கிட்டு இதைக் கொஞ்சம் படிச்சுப் பார்ப்போம். மத்த படங்களை விட இந்த வகையில எதிர்பார்ப்பு ரொம்ப வெளிப்படையாத் தெரியும். ஏன்னா ஹீரோவை ரசிகர் ஏற்கெனவே பார்த்துட்டுத்தான் தியேட்டருக்கே வர்றார்.

நமக்குத் தெரிஞ்ச சூத்திரம்தான்

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இது சுலபம். ஒரு சிஸ்டத்துக்கு ரெஃபரன்ஸ் ஒண்ணு கொடுக்கிறோம், அவுட்புட் ஒண்ணு வருது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எரர். ரசிகரோட மனசும் கிட்டத்தட்ட இப்படித்தான் வேலை செய்யுது. எதிர்பார்ப்புதான் ரெஃபரன்ஸ், திரையில ஓடுற படம் அவுட்புட். வெளிய வந்து நாம சொல்ற தீர்ப்பு பெரும்பாலும் அந்த எரர் மட்டும்தான்.

மார்க்கெட்டிங் படிக்கிறவங்க இதை வேற பெயர்ல படிக்கிறாங்க. ரிச்சர்ட் ஆலிவர்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் 1980ல் வாடிக்கையாளர் திருப்தி பத்தி எழுதின கட்டுரையோட மையமே இதுதான்: ஒரு பொருள் எவ்வளவு நல்லா இருக்குங்கிறதை மட்டும் வச்சு திருப்தி வர்றதில்ல, எதிர்பார்த்ததுக்கு மேலயா, கீழயா, சமமாங்கிறதும் சேர்ந்துதான் திருப்தியைத் தீர்மானிக்குது. அதனாலதான் சுமாரான ஒரு படம் "செமயா இருக்குலே"ன்னு பேர் வாங்குது, உழைச்சு எடுத்த ஒரு படம் "மொக்கை"ன்னு போயிடுது.

இந்த ரசிகர் நம்ம ஊருக்குப் புதுசு இல்ல

"மூலக்கதையில இப்படி இல்லியே"ன்னு சண்டை போடுற ரசிகரை மார்வெல்தான் உருவாக்குச்சுன்னு நினைக்காதீங்க. தாமிரபரணிக் கரையில எந்த ஊர்க் கொடைக்கும் போய்ப் பாருங்க. ராத்திரி வில்லுப்பாட்டுல சுடலைமாடன் கதை நடக்கும். உட்கார்ந்திருக்கிற பெருசுகளுக்குக் கதை முழுக்கத் தெரியும். அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சேதான் விடிய விடிய இருப்பாங்க. பாடுறவர் ஒரு கட்டத்தைச் சுருக்கிட்டா, முன்வரிசையில முனகல் கேட்கும். அங்க யாரும் டிவிஸ்ட்டை எதிர்பார்த்து வர்றதில்ல. தெரிஞ்ச கதை, தெரிஞ்ச இடத்துல, சரியான வேகத்துல வந்து சேரணும். அவ்வளவுதான். தியேட்டர்ல ஹீரோ என்ட்ரிக்கு விசில் போடுற நாமும் பாதி அதுக்குத்தான் காத்திருக்கோம்.

காமிக்ஸும் நமக்கு ரொம்பப் பக்கம். கோவில்பட்டி, சாத்தூர் தாண்டினா சிவகாசி. 1972ல் முத்து காமிக்ஸ் அங்கதான் தொடங்குச்சு. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1984ல் லயன் காமிக்ஸ் வந்துச்சு. அதே வருஷம் ராணி காமிக்ஸும் வந்துச்சு. மார்வெல் தமிழ் பேச ஆரம்பிக்கிறதுக்குப் பல வருஷம் முன்னாடியே வேதாளரும் மாண்ட்ரேக்கும் தமிழ் பேசிட்டாங்க. உங்க அப்பாவோ பெரியப்பாவோ அம்பாசமுத்திரத்துலயோ பாளையங்கோட்டையிலயோ வாடகைக்கு காமிக்ஸ் எடுத்துப் படிச்ச கூட்டத்துல ஒருத்தரா இருக்கலாம். கேட்டுப் பாருங்க.

இனி மூணு படங்களைப் பார்ப்போம்.

முகமூடி (2012): ஒரு வார்த்தை வச்ச ரெஃபரன்ஸ்

மிஷ்கின் இயக்கி, ஜீவா நடிச்ச 'முகமூடி' 2012 ஆகஸ்ட் 31ல் வெளியாச்சு. இது எந்தக் காமிக்ஸோட தழுவலும் இல்ல. ஆனா தமிழோட சூப்பர்ஹீரோ படம்னு விளம்பரம் ஆச்சு. அந்த ஒரு வார்த்தை போதும். அதே வருஷம் ஏப்ரல்ல 'அவெஞ்சர்ஸ்', ஜூலையில 'தி டார்க் நைட் ரைசஸ்' இந்தியாவுல ஓடியிருந்துச்சு. பேட்மேனைப் பார்த்து ஆறு வாரம்தான் ஆகியிருந்த கண்ணோட ரசிகர் உள்ள போறார்.

உள்ள இருந்தது வேற படம். ப்ரூஸ் லீன்னு தனக்கே பேர் வச்சுக்கிட்ட, குங்ஃபூ படிக்கிற ஒரு சாதாரணப் பையன். அவனுக்குச் சக்தி எதுவும் கிடையாது. சண்டைக்கலை, குரு, பழைய பகைன்னு போற கதை. சூட்டைப் பார்க்க வந்தவங்களுக்கு அந்த சூட் வர்ற நேரம் பத்தல. படத்துல நிஜமாவே குறைகள் இருக்கு. வில்லன் தரப்பு பலவீனம், ரெண்டாம் பாதி இழுவை. அதையெல்லாம் மறைக்க வேண்டாம். ஆனா "குங்ஃபூ படம்"னு மட்டும் சொல்லி விட்டிருந்தா இதே ரீலுக்கு இதே தீர்ப்பு வந்திருக்குமா? அதுக்கப்புறம் 'தமிழ் சூப்பர்ஹீரோ'ன்னு சொன்னாலே சிரிக்கிற ஒரு பழக்கம் நமக்கு வந்துச்சே, அதுக்கு அந்தப் படம் மட்டும்தான் காரணமா?

எண்ட்கேம் தமிழ் (2019): குரலுக்காக ஒரு சண்டை

'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' 2018 ஏப்ரல்ல வந்து, பாதி உயிர்களைத் தூசியாக்கிட்டு முடிஞ்சுச்சு. அடுத்த பாகம் 'எண்ட்கேம்' 2019 ஏப்ரல் 26. இடையில ஒரு முழு வருஷம். அப்போ நம்மள்ல பாதிப் பேர் ஒன்பதாவது, பத்தாவது. கிளாஸ்ல தியரி பேசியே காலம் போச்சு. கதையை வெளிய சொல்லிடாதீங்கன்னு இயக்குநர்கள் ருஸ்ஸோ சகோதரர்களே ரசிகர்களுக்குக் கடிதம் எழுதுற அளவுக்கு எதிர்பார்ப்பு.

தமிழ்ல இதுக்குன்னே தனி ஏற்பாடு. வசனம் ஏ.ஆர்.முருகதாஸ். அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல், பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா குரல். ஏ.ஆர்.ரஹ்மான் ஒரு பாட்டும் போட்டார். பெரிய பெயர்கள் வந்தா ரசிகர் குஷியாவார்ங்கிறது கணக்கு. தமிழ் டிரெய்லர் வந்ததும் கணக்கு தப்பிடுச்சு. "பழைய குரலைக் கொண்டு வாங்க"ன்னு சத்தம். மீம் மழை.

இதை "விஜய் சேதுபதியைப் பிடிக்காதவங்க கத்தினாங்க"ன்னு நினைச்சா தப்பு. கத்தினவங்கள்ல அவர் ரசிகர்களே நிறைய பேர். அது முந்தின வருஷம் அக்டோபர்ல '96' வந்திருந்த நேரம். 'எண்ட்கேம்' வர்றதுக்கு நாலு வாரம் முன்னாடிதான் 'சூப்பர் டீலக்ஸ்' வந்துச்சு. அந்தக் குரலைக் கேட்டதும் ராம் ஞாபகம் வருது, ஷில்பா ஞாபகம் வருது. டோனி ஸ்டார்க் வரல. அவ்வளவு தெரிஞ்ச குரல் அது. அயர்ன்மேன் பாதி நேரம் ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிறவர். முகம் மறைஞ்சா மிச்சம் இருக்கிறது குரல்தான். அந்தக் குரலை மாத்தினா ஆளையே மாத்தின மாதிரி.

இதுல எனக்கு முக்கியமாப் படுற விஷயம் வேற. அந்தப் பழைய குரலுக்குச் சொந்தக்காரர் பெயர் நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? டப்பிங் கலைஞர்களை நாம யாரும் போஸ்டர்ல தேடினதில்ல. நம்மள மாதிரி இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கு டப்பிங்ல பார்த்தேன்னு சொல்றதே கெத்து குறைச்சல். "ஒரிஜினல்ல பாருலே"ன்னு ஒருத்தன் கண்டிப்பாச் சொல்லுவான். ஆனா முக்கூடல்லயோ கல்லிடைக்குறிச்சியிலயோ டிவியில தமிழ்ல பார்த்து வளர்ந்த பையனுக்கு அதுதான் ஒரிஜினல். அவனோட அயர்ன்மேன் தமிழ்லதான் நக்கலடிப்பார், தமிழ்லதான் கலங்குவார். பேர் தெரியாத ஒரு கலைஞர் அந்த நம்பிக்கையைப் படம் படமாச் சேர்த்து வச்சிருந்தார். அதை மாத்தின அன்னைக்குத்தான் அது இருந்ததே எல்லாருக்கும் தெரிஞ்சுது. அந்தச் சண்டையில மீமும் கிண்டலும் இருந்துச்சு, சரி. கூடவே, நம்ம மொழியில நமக்குக் கிடைச்ச ஒண்ணை விட்டுக்கொடுக்க மனசில்லாததும் இருந்துச்சு.

மாவீரன் (2023): அதே குரல், வேற தீர்ப்பு

நாலு வருஷம் கழிச்சு, 2023 ஜூலை 14ல் 'மாவீரன்'. 'மண்டேலா' எடுத்த மடோன் அஸ்வின் இயக்கம், சிவகார்த்திகேயன் ஹீரோ. அவர் பேப்பர்ல காமிக்ஸ் வரையிற, எதுக்கெடுத்தாலும் பயப்படுற ஒரு ஆள். தான் வரைஞ்ச வீரனோட குரல் தலைக்குள்ள கேட்க ஆரம்பிக்குது. குரல் சொல்லச் சொல்ல, இவர் வேண்டாம்னு கத்தக் கத்த, உடம்பு சண்டை போடுது. அந்தக் குரல் யாரோடது? விஜய் சேதுபதியோடதுதான். வில்லன் அமைச்சர் யாரு? 'முகமூடி' எடுத்த மிஷ்கின்தான்!

தியேட்டர் ரசிச்சுது. அதே தொண்டை, அதே உச்சரிப்பு. மாறினது ரெஃபரன்ஸ். இந்த மாவீரனோட குரல் எப்படி இருக்கணும்னு யார் மண்டையிலயும் முன்கூட்டி எதுவும் பதிவாகல. அதனால குரல் கேட்ட நிமிஷமே அதுதான் ஒரிஜினல் ஆயிடுச்சு. சூத்திரத்துக்கு இதை விட நல்ல உதாரணம் லேப்ல செஞ்சாலும் கிடைக்காது. அவுட்புட்டை அப்படியே வச்சுக்கிட்டு, ரெஃபரன்ஸை மட்டும் மாத்திப் பார்த்த மாதிரி.

ஆனா இதுல இருந்து "எதிர்பார்ப்பே இல்லாம போறதுதான் நல்லது"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. எதிர்பார்ப்பு இல்லாத இடத்துல விசிலும் இல்ல. கொடைக்கு வந்த பெருசு கதையை மறந்துட்டு வந்தா, அவருக்கு அந்த ராத்திரியில பாதி கிடைக்காது.

இரும்புக்கை மாயாவி: இன்னும் வராத படம்

இப்போ நம்ம பாடத்தோட கடைசிக் கணக்கு. 'இரும்புக்கை மாயாவி'ங்கிற பெயர்ல ஒரு படம் எடுக்கணும்ங்கிற ஆசையை லோகேஷ் கனகராஜ் பல வருஷமாப் பேசியிருக்கார். சூர்யா பெயரும் அதோட சேர்ந்து அடிபட்டுச்சு. படம் இன்னும் வரல. ஆனா எதிர்பார்ப்பு வந்து பல வருஷம் ஆச்சு.

மூலம் என்னன்னு தெரியாதவங்களுக்கு: 1962 அக்டோபர்ல 'வேலியன்ட்'ங்கிற பிரிட்டிஷ் வார இதழ்ல தொடங்கின காமிக்ஸ் அது. வரைஞ்சவர் ஸ்பெயின்காரர் ஜீசஸ் பிளாஸ்கோ. லேப்ல வேலை பார்க்கிற லூயிஸ் கிராண்டல் விபத்துல வலது கையை இழக்கிறார், இரும்புக் கை பொருத்துறாங்க. கரண்ட் ஷாக் அடிச்சா உடம்பு மறைஞ்சிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்துல தெரியும். ஈஈஈ மக்கள் தயவுசெஞ்சு செய்து பார்க்க வேண்டாம். ஆரம்பத்துல அவர் நல்லவரும் இல்ல. அந்தச் சக்தியைக் குற்றத்துக்குத்தான் பயன்படுத்துறார். பிறகுதான் உளவாளியா மாறுறார்.

இங்க ரெண்டு ரெஃபரன்ஸ் மோதும். 1970கள்ல கறுப்பு வெள்ளையில படிச்ச வாசகருக்கு, ஆள் தெரியாம கை மட்டும் நகர்ற அந்தக் கட்டம்தான் மாயாவி. முதல் நாள் பால் பாக்கெட்டோட ராம் சினிமாஸ் வாசல்ல நிக்கிற ரசிகருக்கு, ஸ்டாரோட முகம்தான் டிக்கெட் காசு. ஹீரோ கண்ணுக்கே தெரியாத ஒரு மாஸ் என்ட்ரியைக் கற்பனை பண்ணிப் பாருங்க! முகத்தை நிறைய காட்டினா "காமிக்ஸைக் கெடுத்துட்டாங்க"ன்னு பழையவங்க சொல்வாங்க. கையை மட்டும் காட்டினா "தலைவரைக் காட்டவே இல்ல"ன்னு நம்ம பயக்க சொல்லுவானுவ. மார்வெல் மட்டும் தெரிஞ்ச மூணாவது கூட்டம் "இது வேற எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே"ன்னு கேட்கும், அந்தக் கை நம்ம ஊருக்கு 1972லேயே வந்திருச்சுன்னு தெரியாம. யார் எடுத்தாலும், எப்போ எடுத்தாலும், முதல் காட்சிக்கு முன்னாடியே மூணு தீர்ப்பு தயாரா இருக்கு.

அடுத்த முதல் காட்சிக்கு முன்னாடி

சின்ன வீட்டுப்பாடம். அடுத்து எந்தக் காமிக்ஸ் படத்துக்குப் போனாலும், போறதுக்கு முன்னாடி நோட்டுல மூணு வரி எழுதுங்க. நான் என்ன பார்க்கப் போறேன்னு நினைக்கிறேன்? அந்த நினைப்பு எங்க இருந்து வந்துச்சு: மூலக்கதையா, டிரெய்லரா, நண்பனா? எது மாறினா எனக்குக் கோபம் வரும்?

படம் முடிஞ்சு வந்து அந்த மூணு வரியை எடுத்துப் பாருங்க. கோபம் முழுக்க மூணாவது வரியில இருந்தே வந்திருந்தா, அது எரர். படத்தோட சொந்தக் கணக்குலயே ஏதாவது உதைச்சா, கதாபாத்திரம் காரணமில்லாம மாறினா, வில்லனுக்கு நோக்கமே இல்லேன்னா, அதுதான் படத்தோட குறை. ரெண்டையும் பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்சா நீங்க நல்ல விமர்சகர். இடைவேளையில ஸ்டேட்டஸ் போடுறதுக்கு முன்னாடி இதைச் செய்ய முடிஞ்சா இன்னும் நல்லது. ஏன்னா நம்ம ஸ்டேட்டஸ்தான் மதியக் காட்சிக்குப் போறவனோட ரெஃபரன்ஸ். தமிழ்ல இந்த மாதிரிப் படம் எடுக்கத் துணியிற அடுத்த ஆளுக்கும் அதுதான் ஃபீட்பேக்.

மாயாவி படம் என்னைக்காவது வந்தா, காமிக்ஸ் படிச்ச அந்த அப்பாவுக்கோ பெரியப்பாவுக்கோ சேர்த்து ஒரு டிக்கெட் போடுங்க. கை மட்டும் தெரியிற அந்தக் காட்சியில திரையைப் பார்க்காம, பக்கத்து சீட்டுல அவர் முகத்தைப் பாருங்க. ஐம்பது வருஷமா அவர் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கிற படம் அதுல கொஞ்சம் தெரியும்.