தூண்டிலைக் கடிக்காதே!



போன மாதம் நம் கம்ப்யூட்டர் லேபில் நடந்தது இது. தமிழ் விக்கிப்பீடியாவில் நம்ம ஊர்ப் பக்கத்தில் ஏரியைப் பற்றி ரெண்டு வரி சேர்க்கலாம்னு நானும் என் தோழியும் உட்கார்ந்தோம். ‘தொகு’ என்பதை அழுத்தினால், இந்த முகவரிக்குத் தடை போட்டிருக்கிறார்கள் என்று வருகிறது! நாங்க ஒண்ணுமே செய்யலையே என்று கம்ப்யூட்டர் சாரிடம் ஓடினோம். அவர் அந்தப் பக்கத்தின் ‘வரலாறு’ பகுதியைத் திறந்து காட்டினார். நம் லேப் நேரத்தில் யாரோ ஒருவர், கூடப் படிக்கும் ஒரு மாணவனைக் கேலி செய்து எழுதியிருக்கிறார். அழிக்க அழிக்க மறுபடியும் எழுதியிருக்கிறார். லேபில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே இணைப்பில் போவதால் வெளியே ஒரே முகவரிதான் தெரியும். அதனால் ஒருவர் செய்த சேட்டைக்கு மொத்தப் பள்ளிக்கும் தடை.

அவர் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது கடைசியில் புரியும்.

டிரோல் என்றால் என்ன?

ஓடும் படகிலிருந்து இரையோடு தூண்டிலைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘டிரோலிங்’ என்று பேர். இணையத்தில் வேண்டுமென்றே எரிச்சல் மூட்டி, யார் கோபப்படுகிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பதும் அப்படித்தான். கிண்டல்தான் இரை. நம் கோபம்தான் மீன். ‘ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்’ என்று பாட்டி சொல்வாரே, அதேதான்!

ஆனால் தப்பாக எழுதுகிறவர் எல்லாரும் டிரோல் இல்லை. புதிதாக வந்து தெரியாமல் அழித்துவிடுபவர் வேறு. நம்மோடு ஒத்துப்போகாத கருத்து சொல்பவர் வேறு. இவர்களையும் ‘டிரோல்’ என்று துரத்தினால் நஷ்டம் நமக்குத்தான்.

யானைக் கதை

2006 ஜூலை 31 அன்று அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஸ்டீபன் கோல்பேர், ஆப்பிரிக்க யானைகள் ஆறே மாதத்தில் மூன்று மடங்காகிவிட்டன என்று விக்கிப்பீடியாவில் எழுதுங்கள் என்று டிவியில் நேயர்களைத் தூண்டிவிட்டார். எழுதக் கூட்டமாக வந்தார்கள். விக்கிப்பீடியர்கள் சண்டைக்குப் போகவில்லை. பொய்யை எடுத்துவிட்டு, யானைப் பக்கத்தைப் பூட்டினார்கள். கோல்பேர் பெயரில் இருந்த கணக்கையும் தடுத்தார்கள். அவ்வளவுதான்!

எப்படிச் சமாளிக்கிறார்கள்?

2001 ஜனவரி 15-ல் தொடங்கிய விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. எல்லாம் ஆர்வத்தில் செய்யும் வேலை. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் வந்தது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று கதவைத் திறந்து வைத்தும் அது எப்படி நிற்கிறது?

1. வரலாறு: ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும். கெடுத்ததை ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குத் திருப்பலாம். கெடுப்பதைவிடச் சரிசெய்வது சுலபம் என்பதால்தான் கெடுப்பவர் சலித்துப் போகிறார்.

2. எச்சரிக்கை: முதலில் பணிவாகச் சொல்வார்கள். எழுதிப் பழக ‘மணல்தொட்டி’ என்று தனி இடமே உண்டு. திரும்பத் திரும்பச் செய்தால் எச்சரிக்கை கடுமையாகும்.

3. பூட்டு: ஆங்கில விக்கிப்பீடியாவில் பாதிப் பூட்டுப் போட்ட பக்கங்களை, பொதுவாகக் கணக்குத் தொடங்கி 4 நாளாகி, 10 திருத்தமாவது செய்தவர்தான் திருத்த முடியும்.

4. தடை: சக பயனர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகிகள் தடை போடுவார்கள். இது தண்டனை இல்லை, மேலும் கெடாமல் காப்பதற்கு. காலம் முடிந்தால் திரும்ப வரலாம்.

5. மூன்று முறை விதி: கருத்துச் சண்டையில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் எழுதியதை மாற்றினால், நம் பக்கம் நியாயம் இருந்தாலும் நமக்கே தடை வரலாம்! எல்லாருக்கும் தெரிந்த விஷமத்தை நீக்குவதற்கு மட்டும் விலக்கு உண்டு.

விளையாட்டு வினையானது

2005 மே மாதம் ஒருவர் ஜான் சீகன்தாலர் என்ற மூத்த பத்திரிகையாளரைப் பற்றி, கென்னடி கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டார் என்று எழுதிவைத்தார். உடன் வேலை பார்ப்பவரைச் சிரிக்க வைக்கச் செய்த விளையாட்டு! நாலு மாதத்துக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. சீகன்தாலர் மனம் நொந்து பத்திரிகையில் எழுதினார். எழுதியவர் யாரென்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு, வேலையையும் விட்டார். அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் கேட்டவர் யார் தெரியுமா? சீகன்தாலரேதான்! அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கு இல்லாதவர்கள் புதுப் பக்கம் தொடங்க முடியாது.

நாம் என்ன செய்யலாம்?

* பதிலுக்குத் திட்டாதே. தூண்டில் காலியாகவே திரும்பட்டும்.
* அழித்துவிடு. பெரியவர்களிடமோ நிர்வாகியிடமோ சொல்.
* சேட்டை செய்தவர் பேரைப் பரப்பாதே. பேர் பரவுவதுதான் அவருக்குப் பரிசு.
* கேலிக்கு ஆளானவரிடம் ‘கண்டுக்காதே’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதே. கூட உட்கார்.

இந்தக் கடைசி விஷயத்தை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். கேலிக்கு ஆளான மாணவன் ரெண்டு நாள் மதியச் சாப்பாட்டுக்குத் தனியாகவே உட்கார்ந்திருந்தான். நாங்கள் தடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், அவனைக் கேட்கவே இல்லை. டிரோலைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம், அடிபட்டவரைக் கண்டுகொள்ளாமல் இருக்கக் கூடாது.

சேட்டை செய்தவர் அவனிடம் தானாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டார். அவரும் நம்மில் ஒருவர்தானே? அதனால்தான் பேர் எழுதவில்லை.

தடை அடுத்த வாரம் முடிகிறது. ஏரியைப் பற்றிய அந்த ரெண்டு வரியை இந்த முறை நாலு பேரும் சேர்ந்து எழுதப் போகிறோம்.

— ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி