புது கார்புரேட்டர் மாட்டியும் ரேஸிங் அடங்கவில்லையா?

புது கார்புரேட்டரை மாட்டிக் கிக்கரை உதைத்ததும் 100 சிசி பைக் அலறுகிறது. கஸ்டமர் பக்கத்திலேயே நிற்கிறார். ஃபோர்மேன் ஓரக்கண்ணால் பார்க்கிறார். உங்களுக்கு இது ஒரு இன்டர்வியூ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களோடு சேர்ந்த மற்ற பையன்கள் உடனே ஐடில் ஸ்க்ரூவைக் குறைப்பார்கள். சத்தம் அடங்கும். நாலாம் நாள் வண்டி சிக்னலில் ஆஃப் ஆகி, ஷெட்டுக்கே திரும்பி வரும். ரிட்டர்ன் வண்டி யார் கணக்கில் ஏறுகிறது என்று முதலாளிக்குத் தெரியும். நீங்கள் வேறு வரிசையில் போங்கள்.

1. கேபிளும் சோக்கும். எஞ்சின் ஓடும்போது ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்புங்கள். ரேஸிங் ஏறினால் கேபிள் இழுக்கிறது. ஆக்ஸிலரேட்டர் கிரிப்பில் 2 முதல் 6 மி.மீ. ஃப்ரீ ப்ளே வேண்டும். சோக் ஆஃப் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. ஸ்லைடு. வெட்டுள்ள பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஸ்லைடு முழுக்கக் கீழே இறங்காது, எஞ்சின் கத்தும். பழம் தின்று கொட்டை போட்டவர்களும் அவசரத்தில் இப்படிப் போடுவதுண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

3. ஏர் லீக். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் காற்று புகுந்தால் கலவை லீன் ஆகும்; ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் மெதுவாகத்தான் இறங்கும். நசுங்கிய ஓ-ரிங், அளவுக்கு மீறி முறுக்கி வளைந்துபோன ஃபிளேஞ்ச், மூட மறந்த வேக்கும் டியூப் இவைதான் வழக்கமான காரணங்கள். ஐடிலில் ஓடவிட்டு ஜாயின்ட்டில் கொஞ்சம் தண்ணீர் ஸ்ப்ரே செய்யுங்கள். சத்தம் மாறும் இடத்தில்தான் லீக். கார்ப் கிளீனரும் காட்டிக்கொடுக்கும், ஆனால் சூடான சைலன்சர் பக்கத்தில் தீப்பிடிக்கும். ஹீரோவாக வேண்டாம். இன்னொரு டெஸ்ட்: ஃபில்டர் பைப்பைக் கழற்றிக் கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். எஞ்சின் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் காற்று வேறு வழியில் உள்ளே போகிறது.

4. இப்போதுதான் ஸ்க்ரூ. எஞ்சின் சூடேறியிருக்கட்டும். மிக்சர் ஸ்க்ரூவை மெல்ல அடிவரை இறக்கி, மேனுவலில் சொன்ன சுற்றுகள் பின்னால் எடுங்கள். பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு சுற்று. ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ, வெளியே எடுத்தால் லீன். எஞ்சின் பக்கம் இருந்தால் ஃப்யூயல் ஸ்க்ரூ, வெளியே எடுத்தால் ரிச். சர்வீஸ் சென்டர் இன்டர்வியூவில் கேட்டால் தடுமாறாதீர்கள். கடைசியாக ஐடிலை மேனுவல் அளவுக்கு வையுங்கள்.

பழைய கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பைலட் ஜெட் நம்பரை இரண்டிலும் ஒப்பிடுங்கள். சந்தேகம் தீரவில்லையா, பழையதையே மாட்டிப் பாருங்கள். அப்போதும் ரேஸிங் இருந்தால் கோளாறு பெரும்பாலும் புது கார்புரேட்டரில் இல்லை. பார்ட்ஸ் கடைக்காரரிடம் வீணாகச் சண்டை போட்டு அசடு வழிய வேண்டியதில்லை.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபிறகு புது வண்டிகள் பெரும்பாலும் எஃப்ஐ ஆகிவிட்டனவே, இது எதற்கு என்கிறீர்களா? பழைய வண்டிகள் இன்னும் ரோட்டில்தான் ஓடுகின்றன. ஸ்கேனரை மட்டும் நம்பும் பையன்கள் அவற்றைத் தொடத் தயங்குவார்கள். அந்தக் கஸ்டமர்கள் உங்களுக்கு.

வேலை முடிந்ததும் நசுங்கிய ஓ-ரிங்கைக் கஸ்டமர் கையில் வையுங்கள். லேபர் சார்ஜை அதற்குப் பிறகு சொல்லுங்கள். நீங்களே நசுக்கியதென்றால் பேச்சை வளர்க்காமல் புதுசைப் போட்டு அனுப்பிவிடுங்கள்.