வால்வு மாற்றியவருக்குக் காய்ச்சல் வந்தால்

அன்புள்ள கயல்விழி,

நர்சிங் முதலாண்டிலேயே நல்ல கேள்வி கேட்டுவிட்டாய். கொழுப்பு அடைத்தால்தானே மாரடைப்பு வரும், வால்வில் கிருமி தொற்றினால் எப்படி வரும் என்று எழுதியிருக்கிறாய்.

இதயத்தின் படத்தை எடுத்து வைத்துக்கொள். மகாதமனி கிளம்பும் இடத்தில் ஒரு வால்வு. அதற்குச் சற்று மேலே இரண்டு சிறு துளைகள். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கொரோனரி தமனிகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. இடைவெளி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. வால்வில் நடப்பது பக்கத்து வீட்டில் நடப்பது மாதிரி.

1960இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் பொருத்திய செயற்கைப் பந்து வால்விலும், 1990இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவில் பொருத்தத் தொடங்கிய நம் நாட்டு வால்விலும் ஓரத்தில் துணி வளையம் உண்டு. அதில்தான் தையல் போடுவார்கள். ரத்தத்தில் வரும் ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற கிருமி அங்கே ஒட்டிக்கொண்டு, தன்மேல் ஒரு படலம் கட்டிக்கொள்ளும். மருந்து அதற்குள் எளிதில் இறங்காது.

கிருமியும் உறைந்த ரத்தமும் சேர்ந்த திரளிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து கொரோனரியை அடைக்கலாம். அல்லது வால்வைச் சுற்றிச் சீழ் கட்டி, தமனியை வெளியிலிருந்தே நசுக்கலாம். உள்ளே அடைப்பே இருக்காது. அந்தச் சீழ் இதயத்தின் மின்பாதையைத் தொட்டால் ஈசிஜியில் பி-ஆர் இடைவெளி நீளும். திரும்பத் திரும்ப ஈசிஜி எடுக்கச் சொல்வது அதற்காகத்தான், சலித்துக்கொள்ளாதே.

சாதாரண மாரடைப்பில் உயிர் காக்கும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இங்கே ஆபத்து. கிருமி மூளைத் தமனியையும் அரித்திருந்தால் ரத்தம் கசிந்துவிடும். ஆன்டிபயாடிக் நரம்பு ஊசியாக ஆறு வாரமாவது போக வேண்டும். சீழ் கட்டிவிட்டால் பெரும்பாலும் மறுபடி ஆபரேஷன்தான்.

எனக்கு ஆத்திரம் வருவது எங்கே தெரியுமா? வால்வு மாற்றியவர் காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வருவார். காய்ச்சல் தணியும், கிருமி சாகாது. கல்ச்சரிலும் வளராமல் ஒளிந்துகொள்ளும். எதிரி யாரென்று தெரியாமல் எந்த மருந்தைக் கொடுப்பது?

உன் வார்டுக்கு அப்படி ஒருவர் வந்தால், ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்கு முன், தனித்தனியாகக் குத்தி மூன்று செட் பிளட் கல்ச்சர் எடுத்தாயிற்றா என்று கேள். டாக்டர் முறைத்தாலும் கேள்.

அன்புடன்,
பெரியப்பா