கல்யாணத்துல இருந்து மூணு கார்: கணக்கு எங்க மாறுது?

பல்லடத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பதி, ரெண்டு பேருமே சம்பளக்காரங்க. முதல் கார் செகண்ட் ஹேண்ட் மாருதி 800, கைக்காசுல வாங்கினது. (1983-ல வந்து 2014 வரைக்கும் தயாரான வண்டி, நம்மள்ல பல பேர் ஸ்டீயரிங் பிடிச்சுப் பழகினதே அதுலதான்.) அடுத்தது வேகன் ஆர், சின்ன லோன். இப்ப மூணாவதா எஸ்யூவி வாங்கணும், லோன் மட்டும் 8 லட்சம். ஏன்னு கேட்டா, "பக்கத்து வீட்டு அண்ணன் வாங்கிட்டாருங்க!"

அந்த அண்ணன் தறி ஓட்டுறவர். தொழிலுக்கு ஓடுற காருக்கு வருஷம் 15% தேய்மானம், கூடவே லோன் வட்டி, ரெண்டையும் செலவாக் காட்டி வருமான வரியைக் குறைச்சுக்குவார். சம்பளம் வாங்குறவங்க சொந்த உபயோகத்துக்கு இன்னைக்கு ஒரு பெட்ரோல் கார் வாங்கினா இது ரெண்டுமே கிடையாது. ஒரே கார்தான், ஆனா அவருக்கு ஆகுற செலவு வேற, நமக்கு ஆகுறது வேற.

9% வட்டியில 5 வருஷ இஎம்ஐ சுமார் 16,600 ரூபாய். 7 வருஷம்னா 12,870. மாசம் 3,700 குறையுதேன்னு தோணும். ஆனா மொத்த வட்டி 1.96 லட்சத்துல இருந்து 2.81 லட்சமா ஏறுது. அஞ்சு வருஷம் கட்டி முடிச்ச பிறகும் 2.8 லட்சம் அசல் பாக்கி நிக்கும்.

நான் சொன்னது இதுதான்: வேகன் ஆரை இன்னும் 2 வருஷம் ஓட்டுங்க, அந்த 16,600-ஐ மாசாமாசம் ஆர்டி-யில போடுங்க. வட்டி இல்லாமலே கிட்டத்தட்ட 4 லட்சம் சேரும், லோன் பாதியாகிடும். அக்கா உடனே சரின்னுட்டாங்க. அவர் இன்னும் யோசிக்கிறார்.