தூக்கம் வராத இரவுகள்: ஒரு சுகாதாரப் பாடம்



 இந்த மடலின் சுகாதாரப் பாடமாக நெடுநாள் வியாதி, வைட்டமின் குறைவு, தூக்கம் ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்கொள்கிறோம். உங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் பெண்கள் ஐக்கியத்திலும் இதை வாசித்துக் கலந்து பேசலாம்.

ஒரு தாயாரின் கண்ணீர்

அறுபது வயதைத் தாண்டிய ஒரு தாயார் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை வியாதி. "டாக்டர், என் விசுவாசம் குறைந்துபோயிற்று. ராத்திரி மூன்று மணி வரை கண் மூடுவதில்லை. ஜெபம் பண்ணியும் தூக்கம் வரவில்லை" என்று சொல்லி அழுதார். சபையில் ஒருவர், "விசுவாசி இப்படிக் கவலைப்படலாமா?" என்று கேட்டுவிட்டாராம். அந்த வார்த்தை வியாதியைவிட அதிகமாக அவரைப் புண்படுத்தியிருந்தது.

அவருடைய பையில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய தூக்க மாத்திரை, மூட்டு வலி மாத்திரை, இரண்டு விதமான சத்து மாத்திரை எல்லாம் இருந்தன. பொறுமையாக விசாரித்தபோது அவர் இன்னும் சில காரியங்களைச் சொன்னார். உள்ளங்கால் எரிகிறது. படுத்தவுடன் கால்களை ஆட்டாமல் இருக்க முடியவில்லை. எழுந்து நடந்தால் தேவலை, மறுபடி படுத்தால் மறுபடி தொல்லை. அவருடைய பிரச்சினை விசுவாசத்தில் இல்லை, சரீரத்தில் இருக்கிறது என்று எங்களுக்கு விளங்கியது.

வியாதி தூக்கத்தை எப்படிக் கெடுக்கிறது?

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர் சிறுநீர் கழிக்க இரவில் பலமுறை எழுகிறார். நரம்பு பாதிக்கப்பட்டால் கால் எரிச்சல் இரவில்தான் அதிகமாகத் தெரியும். நடுராத்திரியில் சர்க்கரை மிகவும் இறங்கினால் வியர்வையும் கெட்ட கனவுகளும் வரும். இருதயம் பலவீனமானவர் தட்டையாகப் படுத்தால் மூச்சுத் திணறுகிறது. இரண்டு மூன்று தலையணை கேட்கிறார். ஆஸ்துமா பின்னிரவில் மிஞ்சும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அரிப்பும் கால் தொல்லையும் உண்டு. பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருபவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் காலையில் களைப்போடுதான் எழுந்திருப்பார்.

இது இருவழிப் பாதை. தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, இரத்த அழுத்தம் ஏறுகிறது, வலியைத் தாங்கும் சக்தி குறைகிறது. வியாதி தூக்கத்தைக் கெடுக்க, கெட்டுப்போன தூக்கம் வியாதியைக் கூட்டுகிறது.

வைட்டமின்களின் பங்கு

வைட்டமின் பி12: நரம்புகளுக்கும் இரத்தத்துக்கும் இது அவசியம். பால், முட்டை, மீன், இறைச்சி இவற்றில் இருக்கிறது, காய்கறிகளில் இல்லை. ஆகவே சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், வயதானவர்களுக்கும் இது குறையலாம். சர்க்கரைக்குக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட காலம் சாப்பிடும்போதும் பி12 உடலில் சேருவது குறைகிறது. அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். அது நல்ல மருந்து. இரத்தப் பரிசோதனை செய்து, குறைவு இருந்தால் பி12 சேர்த்துக்கொண்டால் போதும்.

வைட்டமின் டி: இது குறைந்தவர்களுக்கு எலும்பு வலியும் தசை வலியும் வரும். வலி இருக்கும் இடத்தில் நல்ல தூக்கம் இருக்காது. வைட்டமின் டி குறைந்தவர்களிடம் தூக்கக் கோளாறு அதிகமாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மாத்திரை சாப்பிட்டால் எல்லாருக்கும் தூக்கம் வந்துவிடும் என்று அவை நிரூபிக்கவில்லை. வியாதியால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவருக்கு வெயிலும் குறைகிறது, தூக்கமும் குறைகிறது. எது எதற்குக் காரணம் என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

வைட்டமின் பி6: காசநோய்க்கான ஐசோநயாசிட் மருந்து இதைக் குறைத்து கை கால் எரிச்சலை உண்டாக்கக்கூடும். அதனால்தான் அந்த மருந்தோடு பி6 மாத்திரையும் கொடுக்கிறோம்.

இரும்புச் சத்து: இது வைட்டமின் அல்ல, ஆனாலும் இதைச் சொல்லாமல் இந்தப் பாடம் முடியாது. மாலையிலும் இரவிலும் கால்களை அசைத்தே ஆகவேண்டும் என்ற தவிப்பை 1945-ல் சுவீடன் நாட்டு மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்பாம் விரிவாக எழுதிவைத்தார். இரும்புச் சேமிப்பு குறைவது இதற்கு ஒரு முக்கிய காரணம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு குறைந்திருக்கலாம். சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு 75-க்கு மேல் இல்லையென்றால் இத்தகைய நோயாளிக்கு இரும்புச் சத்து கொடுப்பதை மருத்துவர்கள் யோசிப்பார்கள். கர்ப்பிணிகளுக்கும் இந்தத் தொல்லை சகஜம்.

சில எச்சரிக்கைகள்

சத்து மாத்திரைதானே என்று அளவில்லாமல் சாப்பிடக்கூடாது. வைட்டமின் டி மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும். பி6-ஐ அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் அதுவே நரம்பைப் பாதிக்கும். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தசோகை மறையும். நரம்பு கெடுவது நிற்காது. தூக்கத்துக்காகச் சிலர் சாப்பிடும் சளி மாத்திரைகள் கால் தவிப்பை அதிகமாக்கும். தூக்க மாத்திரையால் வயதானவர்கள் இரவில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருவதுண்டு.

வீட்டில் செய்யக்கூடியவை

தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். பிற்பகலுக்குப் பின் காப்பி, டீ வேண்டாம். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடலில் சேருவது குறையும். அதற்குப் பதிலாக எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர் அதிகமாகப் போக வைக்கும் மாத்திரையைக் காலையில் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பகலில் சிறிது நேரம் வெளியே நடந்து வாருங்கள்.

எலியாவுக்குக் கிடைத்த சிகிச்சை

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் சோர்ந்து, சாக விரும்பிப் படுத்த சம்பவத்தை நாம் அறிவோம். தேவன் அவனுடைய விசுவாசக் குறைவைக் குறித்து முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. அவனைத் தூங்கவிட்டார். தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் போஜனம் கொடுத்தார். அதற்குப் பிறகே அவனோடு பேசினார். நம்மைச் சிருஷ்டித்தவர் நம் சரீரத்தின் தேவையை அறிந்திருக்கிறார். அப்படியிருக்க, தூங்க முடியாத சகோதரியை நாம் குற்றப்படுத்தலாமா?

அந்தத் தாயாருக்கு என்ன ஆயிற்று?

பி12, இரும்பு இரண்டும் குறைந்திருந்தன. இந்த வயதில் இரும்பு ஏன் குறைந்தது என்று தேடாமல் விடக்கூடாது. உட்குழாய்ப் பரிசோதனையில், வலி மாத்திரையால் வயிற்றில் உண்டான புண்ணிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாக இரத்தம் கசிவது தெரிந்தது. தூக்க மாத்திரையை மட்டும் மாற்றி எழுதி அனுப்பியிருந்தால் அந்தப் புண் ஒருநாள் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். வலி மாத்திரையை நிறுத்தினோம். புண்ணுக்கு மருந்தும், பி12 ஊசியும், இரும்புச் சத்தும் கொடுத்து, தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தோம். மூன்று மாதத்தில் கால் தவிப்பு பெரும்பாலும் அடங்கியது. எரிச்சல் இன்னும் முழுவதும் போகவில்லை. கெட்ட நரம்பு தேற நாளாகும். ஆனாலும், "இப்போது விடியற்காலையில் எழுந்து ஜெபிக்கிறேன், தூக்கம் வராததால் அல்ல, தூங்கி எழுந்ததால்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

பரிசோதனைக்கும் ஊசிக்கும் அவரால் பணம் கட்ட முடியவில்லை. அதைச் செலுத்தியது உங்கள் காணிக்கை. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

கலந்து பேச

1. நம் சபையில் நெடுநாள் வியாதியோடு இருப்பவர்களிடம் இரவு எப்படிக் கழிகிறது என்று கேட்டிருக்கிறோமா?

2. ஆறுதல் சொல்வதாக நினைத்து நாம் யாரையாவது குற்றப்படுத்தியிருக்கிறோமா?

3. நம் வீட்டில் மருத்துவரைக் கேளாமல் சாப்பிடும் மாத்திரைகள் எவை?

ஜெபக்குறிப்பு: தூக்கமின்றித் தவிக்கும் நோயாளிகளுக்காகவும், அவர்களுக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் எங்கள் செவிலியருக்காகவும் ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்